கழித்த விமானங்களும் கற்ற கைகளும்

நம் நாட்டு விமானத் தொழிலின் வரலாற்றைப் பேசும்போது விமானிகளையும், விமானங்களை வடிவமைத்த அறிஞர்களையும் நினைக்கிறோம். எஞ்சினைப் பிரித்து, துடைத்து, பழுது கண்டு, மீண்டும் பூட்டிய தொழிலாளரை நினைப்பது அரிது. அவர்கள் அத்தொழிலைப் பயின்ற வரலாறும் அறியத்தக்கதே.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையுடன், பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். விமானம் கட்டுவதே அவர் நோக்கம். போரோ வேறு பணியைத் தந்தது. 1943-இல் தொழிற்சாலையின் நிர்வாகம் அமெரிக்க இராணுவ விமானப்படையிடம் சென்றது. போர்முனையில் பறந்து தேய்ந்த விமானங்களும் எஞ்சின்களும் இங்கே செப்பனிடப்பட்டன. பழுதுபார்க்கும் கூடமே நம்மவர்க்குப் பள்ளிக்கூடமாயிற்று. தமிழகத்திலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தோர் பலருக்கும் அத்தொழிற்சாலை பிழைப்பும் பயிற்சியும் தந்தது.

அங்கே கற்க வேண்டியது சிறிதன்று. டக்கோட்டா விமானத்தின் ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் இரு வரிசையாக வட்டமிட்டு நிற்கும்; சிலிண்டருக்கு இரண்டாக 28 பிளக்குகள். எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். அதை அறியாமல் முடுக்கினால், எண்ணெய் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பர். தடை தென்பட்டால் வலிந்து தள்ளலாகாது. கீழ்ப் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்தல் வேண்டும். இவ்விதியை நூல் சொல்லும். ஆனால் இயல்பான இறுக்கம் எது, ஆபத்தான தடை எது என்பதைக் கைதான் அறியும்.

அக்கைகளுக்கு 1948-இல் பெருஞ்சோதனை வந்தது. போர் முடிந்தபின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், இனிப் பறக்கலாகாதெனச் சிதைக்கப்பட்டுக் கான்பூரில் கிடந்தன. நான்கு எஞ்சின் கொண்ட அவ்விமானங்களைப் பறக்கும் அளவுக்குச் சீராக்கினர். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். தொழிற்சாலையில் முழுமையாகச் செப்பனிடப்பட்ட லிபரேட்டர்கள் அவ்வாண்டு நவம்பரில் இந்திய விமானப்படையில் சேர்ந்தன. 1968 வரை பணியாற்றின. குப்பையென ஒதுக்கப்பட்டவை இருபது ஆண்டு பறந்தன. பயிற்சியின் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் பயிற்சி முறைப்பட்டது. 1949-இல் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் விமானப்படையின் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. 1951 ஆகஸ்டு 5-இல், காட்கே வடிவமைத்த எச்.டி.-2 என்னும் பிஸ்டன் எஞ்சின் பயிற்சி விமானம் முதன்முறை பறந்தது. பயணிகள் விமானத் துறையிலோ, 1937-ஆம் ஆண்டின் விமான விதிகள் பராமரிப்புப் பொறியாளருக்கு உரிமம் வேண்டுமென வகுத்திருந்தன. விமான உடலுக்கு ‘ஏ’, எஞ்சினுக்கு ‘சி’ என உரிமங்கள் நெடுங்காலம் வழங்கின. இன்று பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு ‘பி 1.2’ என்னும் பிரிவு உண்டு.

பெரும் பயணங்களை ஜெட் விமானங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆயினும் இளம் விமானி முதன்முதல் தனியே பறப்பது பெரும்பாலும் சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத்தில்தான். அது தரையை விட்டு எழுமுன், உரிமம் பெற்ற ஒருவர் ஏட்டில் கையொப்பமிட்டிருக்கிறார். முகமறியாத ஒருவரின் உயிருக்கு அவர் பொறுப்பேற்கிறார். அக்கையொப்பத்திற்குத் தகுதி பெறுவதே இத்தொழிற்பயிற்சியின் முழுப் பொருளும் ஆகும்.