ஒட்டுத்துணிக் கவிதை

என் ஆச்சிக்குச் சொந்தமாக ஜெபிக்கத் தெரியாது. முழங்காலிட்டதும் சங்கீதத்தில் பாதி வசனம், ஏசாயாவில் பாதி, நடுவே கொஞ்சம் யோபு. இப்படித் தைப்பதற்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு என்பது, டெக்சாஸ் வந்து, நைட் டியூட்டி இடைவேளைகளில் படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. சென்டோ.

சென்டோ என்றால் கந்தல்களைச் சேர்த்துத் தைத்த துணி. ரோமில் தீயணைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு, இன்னொரு கவிஞரின் அடிகளை வெட்டி ஒட்டிய கவிதைக்கும் அதுவே பெயரானது. பெரும்பாலும் வெர்ஜில்தான் துணி. பள்ளியில் படித்தவர்கள் அவரை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் அவுசோனியுஸ் இதற்கு விதியே எழுதினார்: அரை அடியோடு அரை அடியை ஒட்டலாம், இரண்டு முழு அடிகளை அடுத்தடுத்து எடுப்பது கையாலாகாத்தனம். அவர் செய்து காட்டியது ஒரு கல்யாணக் கேலிப்பாட்டு. முதலிரவு வரை போகிறது, இங்கே விளக்க மாட்டேன்.

அதே நூற்றாண்டில் ரோமில் ப்ரோபா என்ற பெண் இருந்தார். கணவர் 351இல் ரோம் நகர ஆளுநர். முன்பு போரைப் பாடிய ப்ரோபா, அதை விட்டு, வெர்ஜிலின் அடிகளைக் கொண்டே படைப்பு முதல் இயேசுவின் பரமேறுதல் வரை சொன்னார். முன்னுரையோடு மொத்தம் 694 அடிகள். ஒரு சிக்கல்: வெர்ஜிலில் இயேசு என்ற பெயரோ மரியாள் என்ற பெயரோ கிடையாது. ஆகவே தாய், தேவன் என்றே போகிறது. மோசேக்கு, வெர்ஜிலில் வரும் மூசேயுஸ் என்ற பாடகனின் பெயரை மாட்டிவிட்டார்! எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஜெரோமுக்குப் பிடிக்கவில்லை. தமது 53ஆம் கடிதத்தில், இவை சிறுபிள்ளைத்தனம், வெர்ஜிலைக் கிறிஸ்தவனாக்கும் வேலை என்று ஒதுக்கினார். வேதத்துக்கு விளக்கம் சொல்லும் வாயாடிக் கிழவியையும் அதே கடிதத்தில் திட்டுகிறார். பெயர் சொல்லவில்லை, ப்ரோபாவைத்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஜெரோமின் கடிதங்களிலேயே வெர்ஜில் அடிகள் ஏராளம் என்பது வேறு கதை. பின்னால் ஒரு திருச்சபைப் பட்டியலும் இந்த நூலைத் தள்ளுபடி வரிசையில் வைத்தது. ஆனாலும் பள்ளிகளில் படித்தார்கள், படியெடுத்தார்கள்.

நம் மொழியில் இந்தச் சண்டை வரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் செய்த சோமேசர் முதுமொழி வெண்பாவில், ஒவ்வொரு வெண்பாவின் பின் இரண்டடியும் ஒரு குறள். 'சோமேசா' என்று முடியும் ஏழு சீர், நடுவே ஒரு தனிச்சொல், மீண்டும் ஏழு சீர். நேரிசை வெண்பா தயார். முன்னிரண்டு அடியில் முனிவர் ஒரு கதையைச் சொல்வார், குறள் அதற்குச் சாட்சி. குறள் முழுதாக இருக்கிறது, அதன் பொருளும் மாறவில்லை. வள்ளுவரே வந்து பார்த்தாலும் கோபப்பட எதுவும் இல்லை.

ப்ரோபா அப்படி இல்லை, பொருளையே திருப்பினார். வெர்ஜிலில் ஈனியாஸ், தான் கொன்ற பகைவனின் கவசத்தை மாட்டிவைக்கக் கிளைகள் வெட்டிய ஓக் மரமொன்றை நடுகிறான். அது வெற்றிச் சின்னம். அந்த வரியை எடுத்துச் சிலுவைக்கு வைத்தார் ப்ரோபா. வெர்ஜிலை மனப்பாடமாக வைத்திருந்த ரோமானியருக்கு அங்கே கொன்றவனின் வெற்றியும் கேட்டிருக்கும், கொல்லப்பட்டவரின் வெற்றியும் கேட்டிருக்கும். புதிதாக எழுதிய வரியில் இது வராது. ஜெரோம் குற்றமாகப் பார்த்ததும் இதைத்தான்.

ஆச்சி போன அன்று நான் இங்கே வார்டில். ஊரிலிருந்து போனை அவள் காதில் வைத்தார்கள். ஜெபி என்றார்கள். இத்தனை வருஷம் எத்தனையோ கட்டிலருகே நின்றவள் நான், எனக்கென்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை. பாதி சங்கீதம் சொன்னேன், அப்புறம் ஏசாயா.