குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா... நீங்க எந்தப் பக்கம்?

'நம்ம முயற்சி பண்ணணும், மத்ததை அவன் பார்த்துப்பான்'னு ஒரு தாத்தா சொல்வார். 'நாம என்ன பண்றது, எல்லாம் அவன் பார்த்துப்பான்'னு இன்னொரு தாத்தா சொல்வார். கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால், இந்த ரெண்டு வரிக்கும் நடுவில் தமிழ்நாட்டு வைணவத்தில் சில நூற்றாண்டுச் சண்டை ஓடியிருக்கு. வடகலை, தென்கலைன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதேதான்.

நம்மில் பலருக்கும் இது நாமச் சண்டையாகத்தான் தெரியும். ஆங்கில 'யூ' மாதிரி வளைஞ்சிருந்தா வடகலை, மூக்குவரை பாதம் இறங்கி 'ஒய்' மாதிரி இருந்தா தென்கலை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கிற உரிமை யாருக்குன்னு வந்த தகராறு, வெள்ளைக்காரர் காலத்திலேயே கோர்ட் ஏறியது. நம்ம காலத்திலும் ஓய்ந்தபாடில்லை. நெற்றியைத் தாண்டி உள்ளே போனால்தான் விஷயமே இருக்கு.

ரெண்டு தரப்புக்கும் ஆச்சார்யர் ஒருவர்தான், ராமாநுஜர். சரணாகதி, அதாவது 'நீயே கதி'ன்னு பெருமாள்கிட்ட தன்னை ஒப்படைக்கிறது, மோட்சத்துக்கு வழின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிறாங்க. வேதம் படிக்கிற உரிமை எல்லோருக்கும் இல்லாத காலம் அது. அப்போ சாதி, ஆண், பெண் வித்தியாசம் பார்க்காம திறந்திருந்த கதவு இதுதான். அதனால் 'இந்தக் கதவு எப்படித் திறக்குது'ங்கிற கேள்வி அவங்களுக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை.

வடகலை மரபு வேதாந்த தேசிகரை (1268–1369) முன்வைக்குது. குரங்குக்குட்டியைப் பாருங்க. மரத்துக்கு மரம் தாவுறது தாய்தான். ஆனால், குட்டி வயிற்றை இறுக்கிப் பிடிச்சிருக்கணும். அதுபோல, நம்ம பக்கத்திலிருந்து சரணாகதின்னு ஒரு செயல் வேணும். ஒரு நுணுக்கம் இருக்கு. அந்தப் பிடிக்குக் கூலியாக மோட்சம் கிடைக்கிறதுன்னு தேசிகர் சொல்லலை. அது ஒரு 'வியாஜம்', நம்ம பேச்சில் ஒரு சாக்கு. அருள் செய்யக் காத்திருக்கிற பெருமாளுக்கு நாம எடுத்துக்கொடுக்கிற சாக்கு. அது இல்லாமலே அருள் செஞ்சா, 'அவனுக்கு மட்டும் ஏன், எனக்கு ஏன் இல்லை?'ன்னு கேள்வி வரும் இல்லையா!

தென்கலை மரபின் பெரிய பெயர் பிள்ளை லோகாசாரியர். அவர் எழுதிய ஸ்ரீவசன பூஷணத்துக்கு மணவாள மாமுனிகள் உரை செய்தார். இங்கே உவமை பூனைக்குட்டி. தாய் பிடரியைக் கவ்வினதும் குட்டி உடம்பைத் தளர்த்தி அப்படியே தொங்கும். பிடிச்சுக்கிற வேலையே அதுக்குக் கிடையாது. 'நான் சரணாகதி பண்ணினேன், அதனால் கிடைச்சது'ன்னு நினைச்சாலே அங்கே 'நான்' வந்துடுதேங்கிறது இவங்க கவலை. அருளுக்குக் காரணமே தேவையில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், பசு தன் புதுக்கன்றின் மேல் இருக்கிற அழுக்கை ஆசையாக நக்குற மாதிரி, பெருமாள் நம்ம குற்றத்தையே விரும்பி ஏத்துக்கிறார்னு சொல்றாங்க. வடகலைக்காரங்க இதை ஒத்துக்கலை. குற்றத்தை அவர் கண்டுக்காம விடுவார், அவ்வளவுதான் என்பது அவங்க பதில். தாயார் தானே மோட்சம் தருவாரா, இல்லை பெருமாளிடம் சிபாரிசு மட்டும் செய்வாரா என்பதும் பெரிய வாதம். இப்படி 18 வித்தியாசங்களைப் பட்டியல் போட்டிருக்காங்க.

இப்போ உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பூனைக்குட்டி கொள்கைன்னா சும்மா படுத்துக் கிடக்கலாமா? 'லெட் கோ' ரீல்ஸ் பார்த்துப் பழகின நமக்கு அப்படித்தான் தோணும்.

1323-ல் டெல்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கம் வந்தப்போ நடந்ததாக வைணவ குருபரம்பரை சொல்றதைக் கேளுங்க. பூனைக்குட்டி பக்கத்து ஆச்சார்யரான பிள்ளை லோகாசாரியர், தள்ளாத வயசில் உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடி என்ற ஊரில் மறைச்சுவெச்சுப் பாதுகாத்து, அங்கேயே உயிரை விட்டார். 'எல்லாம் அவன் செயல்'னு சொன்னவர், அவனையே தூக்கிக்கிட்டு நடந்திருக்கார்!

அதே நேரத்தில் தேசிகர், ஸ்ரீபாஷ்யத்துக்கு எழுதப்பட்ட 'சுருதப்பிரகாசிகை' என்ற உரையின் சுவடியையும், அதை எழுதியவரின் ரெண்டு பிள்ளைகளையும் காப்பாத்தணும்னு பிணக்குவியலுக்கு நடுவில் படுத்துக் கிடந்து, பிறகு கர்நாடகப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

அதாவது, எதையும் செய்யாதேன்னு ரெண்டு பேருமே சொல்லலை. செய்யறதைக் காட்டி 'இந்தா, இதுக்கு விலை கொடு'ன்னு பெருமாள்கிட்ட பில் நீட்டலாமாங்கிறதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரும் குரங்குக்குட்டி, ரிசல்ட் அன்னிக்கு எல்லோரும் பூனைக்குட்டி. ஆச்சார்யர்கள் மன்னிக்கணும்!

பல ஊர் சுத்திய நம்பெருமாள் 1371-ல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார். அடுத்த முறை அங்கே போனால் தாயார் சந்நிதிப் பக்கம் தேசிகர் சந்நிதியையும் விசாரிச்சுப் பாருங்க. தென்கலைக் கோயில்னு பேர் வாங்கின ஸ்ரீரங்கத்துக்குள்ளேயே அவருக்கும் இடம் இருக்கு.