வரிசை தொடங்கும் முன்பே முடிந்துபோகும் விற்பனை

2024 செப்டம்பர் 22 அன்று கோல்ட்பிளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனை இணையத்தில் தொடங்கியது. 1.3 கோடிப் பேர் வாங்க முயன்றதாக விற்பனை நிறுவனமே சொன்னது. ரூ.2,500 முதல் ரூ.35,000 வரை விலை வைக்கப்பட்ட டிக்கெட்டுகள் சிறிது நேரத்தில் தீர்ந்தன. அவையே வேறு தளங்களில் பல மடங்கு விலைக்கு விற்பனைக்கு வந்தன. பிறகு காவல்துறை விசாரணை, அமலாக்கத் துறை சோதனை எல்லாம் நடந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2023 செப்டம்பர் 10 அன்று, சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் நிகழ்ச்சி. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களிலேயே பலர் உள்ளே நுழைய முடியாமல் வீடு திரும்பினார்கள்.

இரண்டு முறையும் சமூக ஊடகம் கொதித்தது. "இது நியாயமா?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கோபம் முழுக்க ஒரே இடத்தில் நின்றது: வரிசை ஒழுங்காக நடந்ததா, முதலில் வந்தவருக்கு முதலில் கிடைத்ததா? வரிசையில் நிற்கவே விடப்படாத வரலாறு உள்ள நாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வரிசை தொடங்கும் முன்பே உள்ளே போய்விட்டவர்கள் யார்?

டிக்கெட் உடைத்த சுவர்

டிக்கெட் என்றாலே முதலாளித்துவத்தின் கருவி என்று ஒதுக்கிவிடும் தோழர்கள் இருக்கிறார்கள். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

டிக்கெட் வருவதற்கு முன் இசை எங்கே இருந்தது? கோயிலில், அரண்மனையில், ஜமீன்தார் வீட்டில், பணக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலில். அங்கெல்லாம் யார் எவ்வளவு தூரத்தில் நின்று கேட்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. கோயிலுக்குள் நுழைய முடியாதவருக்கு அங்கே நடக்கும் கச்சேரி மட்டும் எப்படித் திறந்திருக்கும்?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை போன்ற நகரங்களில் சபாக்களும் நாடகக் கொட்டகைகளும் வந்தன. காசு கொடுத்தால் இடம் என்பது புதிய விதி. இந்த விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் அதில் சாதிக்கு வேலை இல்லை. ஒரு ரூபாய்க்குச் சாதி கிடையாது. இந்த ஆபத்து சாதி இந்துக்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் "பஞ்சமர்களுக்கு இடமில்லை" என்று அச்சிட்ட நாடக நோட்டீஸ்கள் இந்த மண்ணில் சுற்றின. காசு இருந்தாலும் உனக்கு டிக்கெட் கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

பேருந்திலும் இதே கதைதான். 1930 வாக்கில், ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். கவனியுங்கள், பேருந்து முதலாளிகளின் மனம் மாறும் வரை அவர் காத்திருக்கவில்லை. உரிமத்தில் கை வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1924இல், சென்னை சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. "பொது" என்ற சொல்லுக்குள் நம்மையும் சேர்க்க வைப்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

பிறகு சினிமா வந்தது. ஈழத்துத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படத்தின் அரசியல் பற்றி எழுதிய நூலில் ஒரு முக்கியமான கருத்தை வைத்தார். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்கலை இடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி என்றார். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்ற பிரிவுகள் அங்கேயும் இருந்தன. நிலம் இல்லாதவர் தரையிலும் நிலம் உள்ளவர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள் என்றால், அந்த வாங்கும் சக்தியையே சாதிதான் பங்கிட்டது என்று பொருள். ஆனாலும் தரை டிக்கெட் வாங்கியவரை "வெளியே போ" என்று சொல்வது கடினமாகிவிட்டது. கையில் இருந்த அந்தத் துண்டுக் காகிதம் ஒரு உரிமைச் சீட்டு. டிக்கெட்டின் இந்தப் பக்கத்தை நாம் மறக்கக் கூடாது.

டிக்கெட் இருந்தும் திறக்காத கதவு

இப்போது சென்னையின் டிசம்பர் இசை விழாவுக்கு வருவோம். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928இல் அது முறைப்படி தொடங்கப்பட்டது. அதன் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் வளர்ந்து, மற்ற சபாக்களும் சேர்ந்து, இன்று நகரம் முழுக்க நடக்கும் மார்கழி சீசன் ஆகியிருக்கிறது.

இங்கே எந்த நோட்டீஸிலும் "இடமில்லை" என்று எழுதியிருக்காது. ஆனால் இருக்கைகள் எந்த வரிசையில் பங்கிடப்படுகின்றன என்று பாருங்கள். பெரிய சபாக்களில் முதலில் உறுப்பினர்கள், நன்கொடையாளர்கள், விளம்பரதாரர்கள். அடுத்து சீசன் முழுவதற்குமான டிக்கெட். இவை போக மிஞ்சுவதுதான் அன்றாட டிக்கெட். அதற்காகக் காலையிலேயே கவுன்ட்டர் முன் வரிசை நிற்கும். அந்த வரிசை மிக நியாயமான வரிசை, யாரும் யாரையும் முந்த முடியாது. ஆனால் அந்த நியாயம் மிச்சத்துக்கு மட்டும்தான். முன்வரிசை இருக்கைகள் பல தலைமுறைகளாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வருகின்றன.

சமூகவியலில் மாக்ஸ் வெபர் இதைச் சமூக அடைப்பு என்ற கருத்தால் விளக்குவார். ஒரு குழு தன் கையில் இருக்கும் வாய்ப்பைப் பிறருக்கு மூடிவைக்க வெளிப்படையான தடை எதுவும் போட வேண்டியதில்லை. உறுப்பினர் விதி, பரிந்துரை, பழக்கம், தகுதி என்ற பெயர்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

"சரி, விலையைக் குறைத்தால் போதுமா?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். போதாது. பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, யாரும் போகலாம். அப்படியிருந்தும் வியாசர்பாடியிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ ஒரு கூட்டம் மயிலாப்பூருக்குக் கிளம்பிப் போவதில்லை. காரணம், கதவு என்பது டிக்கெட் மட்டும் அல்ல. மேடையில் யார் இருக்கிறார்கள், எந்த மொழியில் பாடுகிறார்கள், யாருடைய இசை "இசை" என்று அழைக்கப்படுகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் கதவு. மொழி பற்றிய கேள்வியை 1943இல் தமிழிசைச் சங்கம் எழுப்பியது. சாதி பற்றிய கேள்வியை அந்த இயக்கமும் முழுசாகத் தொடவில்லை.

ஒரு மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் இல்லாமல் அது இல்லை. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தைச் செய்த பர்லாந்து போன்றவர்களின் செவித்திறன் இல்லாமல் அந்த நாதம் உருவாகியிருக்காது. டி.எம். கிருஷ்ணா இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை 2020இல் நூலாக எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்திராவில் கொடுக்கப்பட்ட அரங்க அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. வாத்தியம் மேடைக்கு வரலாம், வாத்தியம் செய்தவரின் கதை அரங்கத்துக்குள் வரக் கூடாது. டிக்கெட் விற்பனையில் எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும் இந்த அநியாயம் தீராது.

இணைய வரிசையின் சாதி

"இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, கணினிக்குச் சாதி தெரியாதே" என்பார்கள். நாடகக் கொட்டகைக் காசுக்கும் சாதி தெரியாதுதான்.

பெரிய நிகழ்ச்சி ஒன்றின் இன்றைய விற்பனை முறையைப் பாருங்கள். குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு முன்விற்பனை. விளம்பர நிறுவனங்களுக்கு ஒரு பங்கு. விஐபி பாஸ் ஒரு பங்கு. பிறகுதான் பொது விற்பனை. அதிலும் வேகமான இணையமும், இரண்டு மூன்று கருவிகளும், மொத்தப் பணத்தை அந்த நிமிடமே கட்டும் வசதியும் உள்ளவர்தான் ஜெயிப்பார். ஆதிதிராவிடர் நல விடுதியில், ஒரே போனில், மாதக் கடைசி ரீசார்ஜை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவரும் அதே இணைய வரிசையில்தான் நிற்கிறார். அவரைத் தடுத்தது யார் என்று கேட்டால் யாருமே இல்லை. கடன் அட்டைக்கு நிலையான சம்பளம் வேண்டும், நிலையான சம்பளத்துக்கு வேலை வேண்டும், அந்த வேலை யாருக்குக் கிடைக்கிறது என்று பின்னோக்கிப் போனால்தான் பதில் தெரியும்.

நாம் கட்டிய மேடைகள்

இந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டே நிற்காமல் வேறு வழி தேடியவர்களும் உண்டு. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் டிக்கெட் இல்லாமல் கொண்டுவந்தது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மீனவர் குப்பத்திலேயே கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் ஒரே மேடையில் வைத்தது. 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் "மார்கழியில் மக்களிசை"யைத் தொடங்கியது. மார்கழி என்றால் ஒரே இசைதான் என்ற எண்ணத்தையே அது கேள்வி கேட்டது.

இவை பெரிய சாதனைகள். ஆனால் இலவசம் என்பதாலேயே எல்லாம் நியாயமாகிவிடாது. இலவச விழாக்களில்கூட முன்னால் சோபா போட்டு, தடுப்புக் கட்டி, பாஸ் உள்ளவரை உட்கார வைக்கும் வழக்கம் இருக்கிறது. யாருடைய கலையோ அவர்களின் தாயும் தகப்பனும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றால் அது என்ன விழா? இன்னொன்று, கலைஞருக்குச் சம்பளம் வேண்டும். "மக்கள் கலை" என்று புகழ்ந்து, போக்குவரத்துச் செலவை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதும் சுரண்டல்தான். அதனால் டிக்கெட் வேண்டும் என்றால் விற்போம். எப்படி விற்கிறோம் என்பதுதான் கேள்வி.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா உலகிலேயே மிக அதிகம் தேடப்படும் டிக்கெட்டுகளில் ஒன்றை விற்கிறது. 2007 முதல் அங்கே டிக்கெட் வாங்க முன்கூட்டியே புகைப்படத்துடன் பதிவு செய்ய வேண்டும். டிக்கெட்டை வேறொருவருக்கு விற்க முடியாது. வேண்டாம் என்றால் விழாவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அது மறுபடியும் பொது விற்பனைக்கு வரும். முதலில் ஒரு முன்பணம் கட்டி, மீதியைச் சில மாதம் கழித்துக் கட்டலாம். அந்த விழாவும் பணக்கார நாட்டின் விலை உயர்ந்த விழாதான், அதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் கள்ளச்சந்தையைத் தடுக்க வழியே இல்லை என்று இங்கே கைவிரிப்பவர்களுக்கு அது பதில்.

நாம் கேட்க வேண்டியது

கல்லூரி விழா நடத்தும் மாணவர்களே, அடுத்த முறை எந்த இசை விழா அறிவிப்பு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, மொத்த இருக்கை எத்தனை, அதில் பொது விற்பனைக்கு வருவது எத்தனை? இந்த எண்ணை நோட்டீஸிலேயே அச்சிடச் சொல்லுங்கள். எண்ணை மறைக்கிறார்கள் என்றால் அந்த வரிசை நாடகம்தான்.

இரண்டு, பொதுப்பணம் எவ்வளவு உள்ளே போகிறது? அரசு மானியம், அரசு மைதானம், வரிச்சலுகை எல்லாம் பொதுப்பணம்தான். ரூ.500 வரையிலான இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 2018இல் ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டது. நம் வரியில் சலுகை பெறும் அரங்கில் நமக்கு எத்தனை இருக்கை என்று கேட்பது பிச்சை அல்ல, கணக்கு.

மூன்று, மேடையில் யார், அவர்களுக்கு என்ன சம்பளம்? பார்வையாளர் வரிசையில் மட்டும் நியாயம் கேட்டு, மேடையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் செய்திருப்போம்.

இந்தக் கேள்விகளை வெளியே கேட்பதற்கு முன் நம் விழாக்களிலும் கேட்போம். முன்வரிசை யாருக்கு, பாஸ் எத்தனை என்று நாமே எழுதி ஒட்டுவோம். சௌந்தரபாண்டியன் கேட்டது பேருந்து முதலாளியின் கருணையை அல்ல, உரிமத்தின் நிபந்தனையை. நாமும் அதையே கேட்போம்: உரிமமும் மானியமும் மைதானமும் பெறுகிற ஒவ்வொரு இசை விழாவும், எத்தனை கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று வரிசை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

ஜெய்பீம்.