'கடன்' என்று எழுதிய பிளாப்பிகள்

1993-ல் திருச்சி பாலக்கரையில் டிடிபி கடை போட்டபோது என்னிடம் ஒரு 386 கம்ப்யூட்டரும், செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி நிறைய பிளாப்பிகளும் இருந்தன. முக்கால்வாசி நகல்கள்தான். யார் யாரிடமோ கைமாறி என்னிடம் வந்தவை. ஸ்டிக்கரில் பால்பாயிண்ட் பேனாவால் எல்லாவற்றிலும் ஒரே சொல்: 'ஃப்ரீ'. கடையில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்ற மென்பொருளின் திருட்டு நகலும் ஃப்ரீ. எழுதியவரே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டதும் ஃப்ரீ.

கடையில் ஆள் வராத மதியங்களில் பிளாப்பிகளில் இருக்கும் 'ரீட்மீ' ஃபைல்களைப் படிப்பேன். பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போல ஒரு பொழுதுபோக்கு. அப்படிப் படித்தபோதுதான், இவற்றில் பலவும் ஓசி இல்லை என்று தெரிந்தது. நகலெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். ஆனால் பயன்பட்டால் பணம் அனுப்ப வேண்டும். கீழே அமெரிக்க முகவரி ஒன்று இருக்கும். இந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடியதில் பல வருஷம் போயிற்று.

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் டிபுரான் என்ற சிற்றூர். அங்கே ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் புத்தகப் பதிப்பு வேலை செய்துகொண்டிருந்தார். ஐபிஎம் பிசி வாங்கி, தொலைபேசிக் கம்பி வழியாக ஃபைல் அனுப்ப 'பிசி-டாக்' என்று ஒரு நிரலை பேசிக் மொழியில் எழுதினார். 1982-ல் அதை வெளியிட வேண்டும். கடைக்காரர்களிடம் போக மனமில்லை. அப்போது பொதுத் தொலைக்காட்சியில், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு நேயர்களிடம் நன்கொடை கேட்பதைப் பார்த்திருக்கிறார். நிகழ்ச்சி எல்லோருக்கும் பொது. விரும்பியவர் பணம் தரட்டும். மென்பொருளுக்கும் அதுவே ஆகட்டும் என்று முடிவெடுத்தார். வெற்று பிளாப்பியையும் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பினால் நிரலை ஏற்றித் திருப்பி அனுப்புவார். பிடித்தால் 25 டாலர்.

இதற்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரீவேர்'. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு என்றாலும் இந்த இடத்தில் ஒரு நெருடல். 25 டாலர் கேட்கும் பொருளுக்கு 'இலவசம்' என்று பெயர் வைத்தது மட்டுமில்லை, அந்தப் பெயரை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி வணிக முத்திரையும் வாங்கிவிட்டார்! இலவசத்துக்கு வேலி.

அதே வருஷம், சியாட்டில் பக்கம், ஐபிஎம்மில் வேலை பார்த்த ஜிம் நாஃப் என்பவர் தன் தேவாலயத்துக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்க ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். நண்பர்கள் கேட்டார்கள், கொடுத்தார். நண்பர்களின் நண்பர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இத்தனை பேருக்கு அனுப்பத் தபால் செலவே கையைக் கடித்தது. ஆகவே நிரலுக்குள்ளேயே ஒரு அறிவிப்பு வைத்தார்: விருப்பமிருந்தால் 10 டாலர் அனுப்புங்கள். இரண்டு நிரல்களையும் பார்த்த ஒருவர் வழியாக நாஃபும் ஃப்ளூகல்மேனும் ஒருவரையொருவர் அறிந்தார்கள். போட்டி போடவில்லை. நாஃப் தன் நிரலுக்கு 'பிசி-ஃபைல்' என்று ஜோடிப் பெயர் வைத்து, விலையையும் 25 டாலராக்கினார். அவர் நிரலில் இவரைப் பற்றியும், இவர் நிரலில் அவரைப் பற்றியும் சொல்வதென்று ஏற்பாடு. பணம் வந்து குவிய, 1984-ல் நாஃப் ஐபிஎம் வேலையையே விட்டார்.

மூன்றாமவர் பாப் வாலஸ். மைக்ரோசாஃப்டின் முதல் ஊழியர்களில் ஒருவர். 1983-ல் வெளியேறி 'பிசி-ரைட்' என்ற வேர்ட் பிராசசரை விட்டார். 'ஃப்ரீவேர்' என்ற பெயருக்குத்தான் வேலி போட்டாயிற்றே. ஆகவே அவர் 'ஷேர்வேர்' என்றார். பகிர்ந்துகொள் என்பதைச் சொல்கிறது, இலவசம் என்று சொல்லவில்லை. இரண்டில் இதுதான் யோக்கியமான பெயர். பதிவுசெய்தவரின் பிரதியில் ஓர் எண் இருக்கும். அந்தப் பிரதியை நகலெடுத்த இன்னொருவர் பணம் கட்டிப் பதிவுசெய்தால், முதலாமவருக்கு 25 டாலர் போய்ச் சேரும். நகலெடுப்பவனையே விற்பனையாளன் ஆக்கிவிட்டார்! நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக்கூட உடனே தோன்றாத யோசனை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இதே 'ஃப்ரீ' என்ற சொல்லோடு வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 1985-ல் அவருடைய இமாக்ஸ் நிரலை டேப்பில் வாங்க 150 டாலர். ஆனால் வாங்கியவர் பிரிக்கலாம், மாற்றலாம், ஊருக்கே கொடுக்கலாம். அவர் சொன்ன 'ஃப்ரீ' விடுதலை, விலை இல்லை. இதை விளக்கியே அவர் ஆயுசு பாதி கழிந்தது. தமிழில் இந்தத் தலைவலியே கிடையாது. 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. சொல் தனித்தனியாக இருந்தும் நாங்கள் ஸ்டிக்கரில் எழுதியது என்னவோ 'ஃப்ரீ'தான்.

அதன் பலனை ஒருமுறை அனுபவித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், 'நூறு இலவச மென்பொருள்கள்' என்று அட்டையில் அச்சடித்த சிடி ஒன்று வாங்கினேன். அதிலிருந்த ஒரு பட நிரலில் பங்குனி உத்திர நோட்டீசுக்கு ஒரிஜினல் எடுத்து ஆஃப்செட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆயிரம் பிரதி. மறுநாள் கோயில்காரர் வந்து நின்றார்.

"என்னக்கா, முருகன் வேலுக்குக் குறுக்கே இங்கிலீஷ்ல என்னமோ ஓடுது?"

சோதனைப் பிரதி என்று ஓடியது. சாம்பல் நிறத்தில் மெலிதாக இருந்ததால் என் பழைய மானிட்டரில் கண்ணுக்குப் படவில்லை. தாள் காசு என் தலையில். பிறகு ரீட்மீயைத் திறந்தால், எழுதியவர் தெளிவாகவே சொல்லியிருந்தார்: முப்பது நாள் சோதனை, பணம் கட்டும்வரை அச்சில் முத்திரை விழும். பொய் சொன்னது சிடி அட்டைதான்.

இதற்கு நேரெதிராக ஒன்று. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலினாரின் 'விம்' எடிட்டர், 1991-ல் வெளிவந்தது. திறந்தவுடன், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி. அவர் கிபாலே என்ற ஊரில் தொண்டு செய்தவர். தனக்கு வரவேண்டியதை அங்கே திருப்பிவிட்டார். கொடுக்காவிட்டால் எந்த வசதியும் குறையாது, முத்திரையும் விழாது. 2023-ல் அவர் இறக்கும்வரை அந்த வரி அப்படியே இருந்தது.

ஆனால் கேட்டால் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. உலகத்தின் வங்கிகள் பலவும் நம்பியிருந்த இணைய மறையாக்க நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு, 2014-ல் ஹார்ட்பிளீட் ஓட்டை தெரியவரும்வரை, வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். எங்கள் தெருப் பிள்ளையார் உண்டியல் தேவலாம்.

நானும் கொடுக்காதவள்தான். 1993-ல் 25 டாலர் ஏறத்தாழ 800 ரூபாய், கடை வாடகையில் பெரும்பகுதி. அதை அமெரிக்காவுக்கு அனுப்ப வழி கேட்டு வங்கியில் போய் நின்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். நோட்டீஸ் விவகாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஸ்டிக்கர்களையெல்லாம் கிழித்துப் புதிதாக எழுதினேன்: 'இலவசம்', 'கட்டற்றது', 'திருட்டு'. பணம் கேட்டவற்றில் 'கடன்'. அவை மட்டும் 23 இருந்தன.

போன மாதம் பரண் சுத்தம் செய்தபோது பெட்டி கிடைத்தது. இப்போது கையில் கார்டு இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. முதலில் பிசி-ஃபைல் வந்தது. நாஃப் 2013-ல் போய்விட்டார். வாலஸ் 2002-ல். ஃப்ளூகல்மேன் 1985 ஜூலையிலேயே காணாமல் போனவர். கோல்டன் கேட் பாலத்தருகே கார் மட்டும் கிடைத்தது. விம் பிளாப்பிக்காக உகாண்டாவுக்கு மட்டும் அனுப்பினேன். அந்த ஒரு ஸ்டிக்கரில் 'கடன்' என்பதை அடித்துவிட்டு, பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.