மாணிக்கக் குழியிற் கிடைத்த பழைய விலங்குகள்

பள்ளி விடுமுறைக் காலத்தில், பலாங்கொடைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அதிகாலையிற் காரில் புறப்படும் குடும்பம், பெல்மதுளையைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து, வெயில் ஏறுமுன் இரத்தினபுரியை அடைந்துவிடலாம். மலைச்சரிவிலே தேயிலை, கீழே இறங்க இறங்க றப்பர் மரங்கள், பள்ளத்திலே நெல்வயல், வயலோரத்தில் கூரை வேய்ந்த மாணிக்கக் குழிகள். பிள்ளைகளின் மனமோ இவற்றில் நில்லாது. போகிற நூதனசாலையில் டைனோசர் இருக்குமா என்பதே அவர்களுடைய கேள்வி.

இராது என்பதே விடை. டைனோசர்கள் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அழிந்தொழிந்தன. சப்பிரகமுவையின் பாறைகளோ 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. அவற்றின்மேற் படிந்த சரளையும் களிமண்ணும் மிகவும் பிற்பட்டவை. இடைப்பட்ட நெடுங்காலத்திற்குரிய ஏடு இம்மண்ணில் இல்லை. புத்தளம் மாவட்டத்துத் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் அக்காலப் படிவுகள் சிறிதளவு உண்டெனினும், அவை பெயர் பெற்றது செடிகொடிகளின் சுவடுகளாலேயே. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் அரியலூருக்கு அண்மையிலுள்ள கல்லமேட்டிலே மாபெரும் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர் இருவர் 1987ஆம் ஆண்டு அவ்விலங்கிற்குப் 'புருகத்காயோசாரஸ்', அதாவது பேருடற் பல்லி, என்று பெயரிட்டனர். ஆயினும் அவ்வெலும்புகள் பின்னர் பொடிந்து அழிந்தன. இன்று எஞ்சியிருப்பவை எழுத்தும் படமுமே.

எலும்பு கிடைப்பது வேறு, நிலைப்பது வேறு என்னும் இவ்வுண்மையை இரத்தினபுரியும் நன்கறியும்.

இரத்தினபுரித் தேசிய நூதனசாலை, எகலப்பொல வளவு எனப்படும் பழைய மாளிகையில் 1988ஆம் ஆண்டு தொடங்கி இயங்குகிறது. கண்டி அரசனின் சினத்துக்கு ஆளாகி, 1814இல் மனைவி மக்களைக் கொலைக்களத்தில் இழந்து, இறுதியில் மொரீசியசுத் தீவிலே 1829இல் உயிர்நீத்த அதிகாரியின் பெயரைத் தாங்கிய வளவு அது. அக்கதையைச் சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது. மாணிக்கக் குழிகளிலிருந்து வந்த எலும்புகளும் பற்களும் அங்கே உள்ளன: நீர்யானை, காண்டாமிருகம், இன்று காணப்படாத வகையைச் சேர்ந்த யானை. இவை யாவும் ஒரு காலத்தில் களு கங்கைப் பள்ளத்தாக்கிலே மேய்ந்து திரிந்தவை. நீர்யானையின் கீழ்த்தாடையில் ஆறு வெட்டுப்பற்கள் இருந்தன. ஆபிரிக்க நீர்யானைக்கு நான்கே.

இவற்றை உலகறியச் செய்தவர் போல் எட்வேட் பீரிஸ் தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கியவர். ஆயினும், முதலிலே கண்டவர்கள் குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களே. மாணிக்கம் பொதிந்த சரளைப் படையைச் சிங்களத்தில் 'இல்லம்' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வீடு என்றே கேட்கும். சுவர் சரியாதபடி மரச்சட்டங்களைக் கொடுத்து, ஊறும் நீரை இறைத்து இறைத்து இல்லத்தை எட்டுவார்கள். அள்ளிய சரளையைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றுவார்கள். இலேசானவை வெளியேற, கனத்த கற்கள் அடியிலே தங்கும். கிடைக்கும் கல்லில் நிலத்துக்காரருக்கும், நீரிறைக்கும் பொறிக்காரருக்கும், வெட்டியவர்களுக்கும் பங்குண்டு. எலும்புக்கு யாரும் பங்கு கேட்பதில்லை. ஈரத்தில் இருந்த எலும்பு வெயில் பட்டதும் வெடித்து உதிரும். பல்லின் மேற்பூச்சு மாத்திரம் உறுதியாக நிற்கும். இவ்விலங்குகளின் வரலாறு பெரும்பாலும் பற்களின் வரலாறாக அமைந்தது இதனாலேயே.

இதில் நேர்ந்த இழப்பு பெரிது. ஓர் எலும்பின் வயதை அறிய, அது எந்தப் படையில், எவற்றோடு கிடந்தது என்பது தெரிதல் வேண்டும். மாணிக்கத்துக்காக வெட்டப்படும் குழியிலோ படைகள் கலைந்துபோகின்றன. ஆறும் தன் பங்குக்குப் பழைய சரளையைப் புரட்டிப் புதியதோடு சேர்த்துவிட்டது. ஆகவே ஒரே குழியில் வந்த இரு பற்கள் ஒரே காலத்தவை என்று கொள்ள முடியாது. உரியவர் கையை அடைந்தவற்றின் கதையே இவ்வாறெனின், கழிகல் மேட்டிலே வீசப்பட்டவற்றை என்னென்பது?

சிங்கத்தின் கதை இதற்குத் தக்க சான்று. கொடியிலும் கதையிலும் கம்பீரமாக நிற்கும் அவ்விலங்கு இலங்கையில் வாழ்ந்தது என்பதற்கு உள்ள உடற்சான்று, குருவிற்றைப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்கள். அவற்றைக்கொண்டே தெரணியகல 1939இல் ஒரு தனி வகைக்குப் பெயரிட்டார். சரளையை அலசிய கை சற்று அலட்சியமாக இருந்திருப்பின், சிங்கம் கதையாகவே நின்றிருக்கும்.

குகைகள் இதற்கு மாறானவை. குருவிற்றைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனவையும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக்கு அண்மையிலுள்ள பெலிலெனவையும் அறிஞர்கள் படைபடையாகத் தோண்டினார்கள். பட்டதொம்பலெனவில் 35,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர் வாழ்ந்தனர். அவர்கள் குரங்குகளை வேட்டையாடினர், நத்தைகளைத் தின்றனர், சிறு கற்கருவிகளைச் செய்தனர். அக்குகையிற் கிடைத்த எலும்புகளிடையே புலியின் எலும்பும் உண்டு என 2005இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ 16,500 ஆண்டுகள் எனக் காலம் கணிக்க முடிந்தது, படை கலையாமையினாலேயே.

புலியும் நீர்யானையும் தீவுக்கு எவ்வாறு வந்தன? கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரை. அத்தகைய காலங்களில் அவை நடந்தே வந்தன.

எல்லாம் அவ்வளவு தொலைவான காலத்தில் மறைந்துவிடவுமில்லை. 1660இற் சிறைப்பட்டு, 1679இற் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், காளையை ஒத்ததும், முதுகு உயர்ந்து கூர்மையாக நின்றதும், கால்கள் பாதிவரை வெளுத்ததுமான ஒரு விலங்கைக் குறிப்பிடுகிறார். அது காட்டெருது என்பது அறிஞர் கருத்து; பழந்தமிழர் 'ஆமா' என்றது இவ்வினத்தையே என்பாரும் உளர். அரசனுடைய விலங்குகளோடு கட்டிவைத்திருந்த ஒன்றைத் தவிர வேறொன்றைத் தாம் பார்த்ததில்லை என்கிறார் நொக்ஸ். அதன் பின்னர் அவ்விலங்கு இத்தீவிற் காணப்படவில்லை. அதன் இனத்து எலும்புகளும் இரத்தினபுரிச் சரளையிலே கிடைத்திருக்கின்றன.