யாத்திரை வழியில் ஒரு சிறுத்தை

நம் பங்கின் முதல் தலைமுறையினர், விடியற்காலைப் பூசைக்குப் பந்தம் ஏந்தி, கூட்டமாகச் செபமாலை சொல்லிக்கொண்டே காட்டுவழி நடந்து வந்தார்கள் என்பர் பெரியவர்கள். பக்தியோடு சிறுத்தைப் பயமும் அதில் உண்டு!

இமயமலையில் கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர்களுக்கு இதனினும் பெரிய சோதனை நேர்ந்தது. 1918 முதல் 1926 வரை ருத்திரப்பிரயாகைச் சுற்றி ஒரே சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக அரசாங்கக் கணக்கு. 1918-இல் விஷஜுரம் பரவியபோது, தகனம் செய்ய இயலாமல் மலைச்சரிவில் எறியப்பட்ட பிணங்களைத் தின்றே அது மனித மாமிசத்துக்குப் பழகியது என்பது வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் கருத்து. பழி மிருகத்தின்மேல் மட்டுமா?

பொழுது சாய்ந்தால் கதவுகள் தாழிடப்படும். தனியே நடப்பார் எவருமில்லை. குலாப்ராயில் சத்திரம் நடத்திய பண்டிதர், ஓரிரவு யாத்திரிகர்களை வீட்டினுள் நெருக்கி அடைத்துக் காத்தார். புழுக்கம் தாங்காமல் தாமே கதவைத் திறந்து வெளியே நின்றார். சிறுத்தை கழுத்தைக் கவ்வியது. தூண்களை இறுகப் பற்றி, காலால் உதைத்துத் தள்ளினார்; யாத்திரிகர்கள் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினர். ஓடியிருந்தால் பிழைத்திரார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆறாத காயங்களோடு பல நாள் கிடந்தார்.

அவரது சத்திரத்துக்குச் சற்றுத் தூரத்தில், சாலையோர மாமரத்தின் மேலிருந்து, 1926 மே 2 இரவு கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார்.