புரி தளர்ந்த வடம்

மலேசியாவில் சிம்பாங் பூலாய்க்குத் தென்மேற்கே, பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் டி.டி.5 என்ற ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் நிற்கிறது. 1938இல் கட்டப்பட்டது, 4,500 டன் எடை. 1982 வரை கிந்தா பள்ளத்தாக்கைத் தோண்டியது. இத்தகைய கப்பலை நகர்த்தியவை இரும்புக் கம்பி வடங்கள். முன்கரையில் கட்டிய தலைவடமும் இருபுறத்துப் பக்கவடங்களும் விஞ்சில் சுற்றிக்கொள்ள, அந்த இழுப்பில் கப்பல் தான் மிதந்த குளத்துக்குள் ஊர்ந்தது. வாளித் தொடரைச் சுமந்த ஏணியும் வடத்தில்தான் தொங்கியது.

கம்பி வடம் பிறந்ததும் சுரங்கத்திலேயே. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் முன்னறிவிப்பின்றி அறுந்தன. ஒரு கண்ணி போனால் பாரம் முழுவதும் கீழே விழும். 1834இல் வில்ஹெல்ம் ஆல்பர்ட் நான்கு கம்பிகளை ஒரு புரியாகவும், மூன்று புரிகளை ஒரு வடமாகவும் கையால் முறுக்கச் செய்தார். இதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்த முனை கண்ணுக்கும் தெரியும். 1840இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் நியூவால் நடுவில் சணல் வைத்து இயந்திரத்தில் திரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

தென்னை நார் முறுக்கினால் பெரும்பாலும் முறுக்கியபடியே இருக்கும். எஃகுக் கம்பி அப்படியல்ல, நிமிரப் பார்க்கும். கம்பி புரியைச் சுற்றும்போது தன் அச்சிலும் திருகிக்கொண்டால், வெட்டிய முனை விரிந்து சிதறும். இதைத் தவிர்க்க, திரிக்கும் இயந்திரத்தில் கம்பிச் சுருள்களைத் தாங்கும் கூண்டு சுழன்றாலும் அவை நிமிர்ந்தே நிற்கும்படி பற்சக்கரங்கள் பொருத்தப்பட்டன. கிரகம்போல் ஒவ்வொரு சுருளும் நடுவைச் சுற்றும், ஆனால் தான் சுழலாது. திரிக்கும் தொழிலில் இதைவிட அழகான யோசனை அரிது.

இருந்தும் பழுது வந்தது. புரியில் ஒரு கம்பி மட்டும் மேடாகத் துருத்தினால், அந்தச் சுருளின் பிரேக் தளர்ந்து இழுவிசை குறைந்திருக்கும். பிரேக் இறுகினாலோ அந்தக் கம்பி பாரத்தைத் தனியே ஏற்று முதலில் அறுபடும். எல்லாக் கம்பிகளும் ஒன்றாகத் தளர்ந்திருந்தால், அவை கூடும் இடத்திலுள்ள அச்சுத் துளை தேய்ந்திருக்கக்கூடும். முறுக்கின் நீளம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் வந்தால், இழுக்கும் சக்கரத்தில் புரி வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே அனுபவமுள்ளவர் முதலில் பழுது திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை அளப்பார். சரியான இடைவெளியில் வந்தால் சுழலும் பாகம் ஒன்றில் குறை. தாறுமாறாக வந்தால் பிரேக்கிலோ கம்பியிலோ தேட வேண்டும்.

1920களில் பரவிய முன்வளைப்பு முறை பெரிய மாற்றம். புரிகளையும் கம்பிகளையும் வடத்தில் அவை கிடக்கப்போகும் சுருள் வடிவத்துக்கே முதலில் உருளைகள் வளைத்துவிடும். நிமிரும் வீம்பு அடங்கியதால் வெட்டிய முனை விரியவில்லை, விஞ்சிலும் வடம் அடங்கிச் சுற்றியது.

எல்லாப் பழுதையும் இயந்திரத்தின் தலையில் கட்டுவது தவறு. புதிய வடச் சுருளைச் சுழலவிடாமல் தரையில் கிடத்தி இழுத்தால் வடத்தில் வளையம் விழும். இறுகினால் அந்த மடிப்பு நீங்காது. பாரம் திடீரென விலகினால் புரிகள் பறவைக்கூண்டுபோல் உப்பும். இவை இரண்டும் வடத்தைக் கையாளும்போது நேர்பவை. நல்ல இயந்திரத்தில் திரித்த வடமும் இதற்குத் தப்பாது, பழுதான பகுதியை வெட்டி நீக்கத்தான் வேண்டும்.